மாரியில் இலையுதிர்த்த தேக்கு

"எட தம்பி, இன்னும் எத்தினை வருசம் விடவேணும்? உன்ர பெட்டி சொல்லுமோ?"

வன்னியில், ஒட்டுசுட்டானில் மாமாவின் தேக்கந்தோட்டத்துக்குள் நின்றபோது வந்த கேள்வி இது. போர் முடிந்து மீள்குடியேறி வந்த கையோடு, 2012 மாரிக்கு இரண்டு ஏக்கரில் நட்டவர். ஆறரை அடிக்கு ஒரு கன்று, ஏக்கருக்கு ஆயிரம். விலை பேச வந்த வியாபாரி ஒருவர் "இப்பவே வெட்டுங்கோ" என்கிறார். பக்கத்துக் காணிக்காரர் "இருபது வருசம் விடு" என்கிறார். இரண்டு பேருக்கும் தங்கள் தங்கள் நியாயம் இருக்கிறது. எனக்கோ காடு வளர்வதைக் கணித்துச் சொல்லும் மென்பொருள்களை ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்க நல்ல சாட்டுக் கிடைத்தது.

இந்த வகை மென்பொருள் புதிதல்ல. அமெரிக்காவின் ஹப்பார்ட் புரூக் காட்டுக்காக போட்கினும் கூட்டாளிகளும் 1972 இல் எழுதிய ஜபோவாதான் இன்றைய பலவற்றுக்கும் பாட்டன். இப்போது திறந்த மூலமாகவோ இலவசமாகவோ கிடைப்பவற்றில் மூன்றைப் பார்த்தேன். வியன்னாவில் பிறந்த ஐலாண்ட் ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாக வளர்த்துக் காட்டும். திரையில் பார்க்க அழகு. ஆனால் நாளாந்தக் காலநிலைத் தரவு கேட்கிறது, கூடவே வருகிற மரங்களோ ஐரோப்பிய மலைச்சாரல் மரங்கள். லைப்சிக்கில் வளர்த்தெடுத்த ஃபோர்மைண்ட் அயனமண்டல மழைக்காட்டுக்கென்றே செய்தது, நூற்றுக்கணக்கான இனங்களைச் சில குழுக்களாகக் கட்டிவிடும். எங்கள் உலர் காட்டுக்கு அந்தக் குழுக்களை நாங்களே பிரித்து எடுக்கவேண்டும். ஒரு வார விடுமுறையில் முடிகிற வேலையல்ல.

மூன்றாவதுதான் மாமாவின் கேள்விக்குப் பொருந்தியது: ஆர்-3பிஜி. அவுஸ்திரேலியாவின் ஜோ லாண்ட்ஸ்பெர்க்கும் அமெரிக்காவின் ரிச்சர்ட் வாரிங்கும் 1997 இல் வெளியிட்ட 3-பிஜி என்ற மாதிரியை, 2020 இல் ட்ரோட்சியுக், ஹார்டிக், ஃபொரெஸ்டர் மூவரும் ஆர் மொழிப் பொதியாக்கித் தந்தது. ஒரே வயது, ஒரே இன மரத்தோப்பு இதற்குக் கைவந்த கலை. பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது. ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு இணையம் தேவையில்லை. உள்ளே இருப்பது ஃபோர்ட்ரான் என்பதால் முப்பது வருட வளர்ச்சியைக் கண்மூடித் திறப்பதற்குள் கொட்டிவிடுகிறது. ஆர் என்றாலே பயப்படுகிறவர்களுக்கு பீட்டர் சாண்ட்ஸ் செய்துவைத்த எக்செல் வடிவமும் உண்டு.

வேலை செய்யும் விதம் எளிது. வெயில் இலையில் விழுகிறது. அதில் எவ்வளவு உணவாகும் என்று கணக்கிட்டு, சூடு, வரட்சி, மண்வளக் குறைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு கழிவு போடுகிறது. மிஞ்சியதில் 47 சதவீதம் மரத்துக்கு, மீதி மூச்சுக்கு. அந்த 47 ஐ வேர், தண்டு, இலை என்று பங்கு வைக்கிறது. வளம் குறைந்த மண்ணிலும் காய்ந்த மண்ணிலும் வேருக்குப் பங்கு கூடும். வேளாண்மை படித்த எவருக்கும் இது பிடிபடும். எனக்கு இதில் பிடித்ததும் இதுதான்: உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் மறைக்காமல் காட்டுகிறது.

காலநிலை அட்டவணை நிரப்புவதில் இருந்துதான் கூத்துத் தொடங்கியது. மாதத்துக்கு மாதம் கூடிய வெப்பம், குறைந்த வெப்பம், மழை, சூரியக் கதிர்வீச்சு, கடைசியாக உறைபனி விழுந்த நாட்கள். கடைசி நிரலைக் கண்டு சிரித்துவிட்டேன். 2022 மார்கழியில் மாண்டஸ் புயற்குளிருக்கு வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோதுகூட இங்கே பனி உறையவில்லை. வரிசையாகச் சைபர் போட்டேன். கதிர்வீச்சை நாசாவின் பவர் தரவுத்தளத்தில் இருந்து இலவசமாக எடுக்கலாம். ஆனால் அது நிலத்தைப் பெரிய கட்டங்களாக வெட்டிய கணக்கு. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் ஒரே எண் வந்தாலும் ஆச்சரியமில்லை. மண்ணுக்கு நான்கு வகைதான், மணலில் இருந்து களி வரை. தோட்டத்துச் செங்கபில மண்ணை நடுவில் எங்கோ உட்காரவைத்தேன். வளத்துக்கு சைபருக்கும் ஒன்றுக்கும் இடையில் ஒரு எண் கேட்கிறது. அதை எப்படி அளப்பது என்று கேட்கக்கூடாது, எல்லோரும் மதிப்புக்குத்தான் போடுகிறார்கள். கன்றுகளின் எண்ணிக்கையை ஹெக்டயருக்குக் கேட்கும், ஆகவே ஏக்கருக்கு ஆயிரம் என்பது 2470 ஆனது.

மரத்தின் குணங்களைச் சொல்லும் அட்டவணை பொதியோடு மாதிரிக்கு வரும். அதில் இருப்பவை ஐரோப்பாவின் பீச், பைன். விளையாட்டுக்கு பீச்சை அப்படியே ஒட்டுசுட்டானில் நட்டுப் பார்த்தேன். இந்த வெயிலுக்கு வளரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. நல்லது, பொய் சொல்லவில்லை. பிறகு பீச் நிரலைப் படியெடுத்து, வெளிநாட்டுத் தேக்குத் தோட்டங்களுக்கு வெளியான எண்களை ஒவ்வொன்றாக மாற்றி எழுதி ஓட்டினேன்.

வரைபடத்தைப் பார்த்தால் தேக்கு வருடா வருடம் மாரியில் மொட்டையாக நிற்கிறது. குளம் நிரம்பி வான் பாய்கிற நேரத்தில் ஒரு இலை இல்லை. ஒரு மாலை முழுவதும் மழைத் தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிழை அங்கே இல்லை. இலை துளிர்க்கும் மாதம், கொட்டும் மாதம் என்ற இரண்டு சிறு பெட்டிகளில் பீச்சின் மாதங்கள் அப்படியே கிடந்தன. ஐரோப்பிய இலையுதிர்காலம் எங்கள் மாரிக்குள் வந்து குந்தியிருக்கிறது! மாமாவைத் தொலைபேசியில் கேட்டேன். "மாசி பங்குனிக்குக் கொட்டும், சித்திரையிலை ரெண்டு மழை சிந்தினால் துளிர்க்கும், ஆடியிலை காச்சல் கூடினால் திரும்பவும் வாடும்" என்றார். மென்பொருளிலோ வருடத்துக்கு ஒருமுறைதான் கொட்டலாம், ஒருமுறைதான் துளிர்க்கலாம். ஆடி வாட்டத்துக்கு இடமில்லை. மாசியையும் சித்திரையையும் ஒட்டிய மாதங்களைப் போட்டுவிட்டு மேலே போனேன்.

தையற்காரரின் ரேப் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். நெஞ்சுயரம், அதாவது நிலத்தில் இருந்து 1.3 மீற்றரில், நாற்பது மரம் சுற்றி அளந்தேன். சராசரிச் சுற்றளவு 22 அங்குலம், விட்டமாக்கினால் 17.8 சென்ரிமீற்றர். மென்பொருள் அதே வயதுக்குச் சொன்னது 25. வளத்தைக் குறைத்தேன், மண் பிடிக்கும் நீரைக் குறைத்தேன், 19க்குச் சற்று மேலே வந்து நின்றது. அதற்குமேல் இறக்குவதென்றால் எண்களை மடக்கிப் பிடித்துத்தான் இறக்கவேண்டும். அப்படி இறக்கினால் அது கணிப்பல்ல, கண்டதைத் திருப்பிச் சொல்வது.

மிச்ச வித்தியாசத்துக்குக் காரணம் மாதக் கணக்கு என்பது என் சந்தேகம். வன்னிக்கு வருடத்தில் 1200 முதல் 1500 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரை. ஒரு தாழமுக்கம் வந்தால் ஒரு மாத மழை மூன்று நாளில் கொட்டி, வாய்க்கால் வழியே ஓடிவிடும். மென்பொருள் அதை முப்பது நாள் தூறலாக மண்ணுக்குள் ஊற்றிக்கொள்கிறது. மண்ணை ஒரு வாளியாக நினைத்து, அது நிரம்பி வழிந்ததை மட்டும்தான் அதற்குக் கழிக்கத் தெரியும்.

உருப்படியான பயன் ஐதாக்கலில் கிடைத்தது. எந்த வயதில் எத்தனை மரத்தை விடுவது என்று ஒரு சிறு அட்டவணையில் எழுதினால் போதும். ஐதாக்காமல் விட்ட ஓட்டத்தில் மரங்கள் நெருக்குப்பட்டு, ஒரு கட்டத்துக்குப் பிறகு மென்பொருளே சிலதைச் சாகடிக்கிறது. மரம் பருக்கப் பருக்க எண்ணிக்கை குறையவேண்டும் என்ற விதி உள்ளேயே இருக்கிறது. பாதியை எடுத்துவிட்ட ஓட்டத்தில் நின்ற மரங்கள் மளமளவென்று பருத்தன. மொத்தக் கன அடி சற்றுக் குறைவு, ஆனால் பலகைக்கு ஆகும் தண்டு கூட. எண்களை நம்பாவிட்டாலும் இந்த இரண்டு கோடுகளுக்கிடையிலான வித்தியாசத்தை நம்பலாம். மாமாவுக்குக் காட்டியபோது அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை, "பாதியையோ?" என்று என் முகத்தைத்தான் பார்த்தார். இரண்டாயிரம் கன்றுக்கும் வாளியில் தண்ணீர் சுமந்தவர்.

தோட்டத்து வேலியைத் தாண்டினால் காடு. அங்கே இந்த மென்பொருள் கைவிரிக்கிறது. பல இனம் கலந்த தோப்பையும் ஆர்-3பிஜி ஓட்டும்தான், ஆனால் பாலைக்கும் வீரைக்கும் முதிரைக்கும் எண்ணை யார் தருவது? தேக்கை டச்சுக்காரர் 1680 இலேயே கோப்பாயில் நட்டதாக வனத்துறை வரலாறு சொல்லும். உலகம் முழுக்க அளந்து தள்ளிய மரம் அது. தண்ணீரில் போட்டால் தாழ்கிற பாலை எத்தனை வருடத்தில் ஒரு அங்குலம் பருக்கும் என்பதற்கு, ஒரே மரத்தை வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப அளக்கவேண்டும். முப்பது வருடம் ஆட்கள் இடம்பெயர்ந்துகொண்டும், பிறகு மிதிவெடிப் பலகைக்கு வெளியே நின்றுகொண்டும் இருந்த காட்டில் ரேப்போடு யார் போயிருப்பார்?

மாமாவின் எல்லையில் ஒரு பழைய முதிரை நிற்கிறது. இடுப்பளவு உயரத்தில் பட்டை வீங்கி மூடிய வடு, உள்ளே ஷெல் துண்டு. விலை பேச வந்தவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, வாள் அலகு உடையும் என்று விட்டுவிட்டார். தண்டின் எடையை மென்பொருள் கிலோவில் சொல்லும். யானை உரசிய மரத்தையும் இலை தின்னும் புழு வந்த வருடத்தையும் போல, இந்த ஷெல் துண்டுக்கும் அதில் பெட்டி கிடையாது.

அறிவியல்நகரில் வேளாண்மை படிக்கும் பிள்ளைகளுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். காசு இல்லை, மூலநிரல் திறந்து கிடக்கிறது, ஒரு பாடவேளைக்குள் முதல் வரைபடம் வந்துவிடும். இலை மாதங்களை மட்டும் முதலில் மாற்றுங்கள். தேக்கு வைத்திருப்பவர் ஐதாக்குவதா விடுவதா என்று பார்க்க ஒரு தடவை ஓட்டலாம். இந்தக் கன அடியை வைத்து வியாபாரியோடு விலை பேசப்போனால் அவர் சிரிப்பார், அவர் பக்கம்தான் நியாயமும் இருக்கும்.

வருடா வருடம் தைப்பொங்கல் கழித்து அதே நாற்பது மரத்தையும் அளப்பதென்று மாமாவிடம் சொல்லியிருந்தேன். போன கிழமை தொலைபேசி எடுத்தார். கதவுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ரால் நாற்பதுக்கும் இலக்கம் போட்டாராம், எல்லை முதிரைக்கு நாற்பத்தொன்று.

"முப்பதாம் இலக்கத்துக்குக் கிட்டப் போகாதை தம்பி, குளவி கட்டியிருக்கு."