‘கட்டுபடியாகும் வீடு’: யாருக்கு?

எம்.ஏ. தமிழ் படித்ததில் தொற்றிக்கொண்ட பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. எந்த அரசாங்கக் காகிதத்தைப் பார்த்தாலும் வினைமுதல் எங்கே என்று தேடுவேன். வீட்டுவசதி அறிக்கைகளில் அது அகப்படுவதேயில்லை. ‘வீடுகள் கட்டப்பட்டன’, ‘குடும்பங்கள் மறுகுடியமர்த்தப்பட்டன’. கட்டுனது யாரு? தூக்கிட்டுப் போய்ப் போட்டது யாரு? எல்லாமே செயப்பாட்டு வினை.

‘கட்டுபடியாகும் வீடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 2019 ஏப்ரலில் ஜி.எஸ்.டி. சலுகைக்காக ஒன்றிய அரசு இதற்கு வரையறை தந்தது: பெருநகரத்தில் 60 சதுர மீட்டருக்குள், விலை 45 லட்சத்துக்குள். சித்தாள் ஒருத்திக்கு நாள்கூலி 600 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். சோறு தண்ணி இல்லாமல் சேர்த்தாலும் 7,500 நாள். மழை, தீபாவளி, பிள்ளைப்பேறு எதுவும் குறுக்கே வராமல் இருபது வருசம். அப்ப இது யாருக்குக் கட்டுபடி?

சித்தாளுக்குக் கிடைத்தது வேறு. 1970இல் குடிசை மாற்று வாரியம் ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்று எழுதிவைத்துத் தொடங்கியது. அக்காலத்து அடுக்குமாடிகள் பலவும், ஆயிரம் குறை இருந்தாலும், குடிசை நின்ற இடத்திலேயே எழும்பின. 2000இலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடு இருநூறு சதுர அடிகூட இல்லை. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவர்களில் பெரும்பகுதி நம் சனம். ஊர், சேரி என்ற பழைய வரைபடத்தையே சிமெண்டில் வார்த்திருக்கிறார்கள். 2021இல் வாரியத்தின் பெயரிலிருந்து ‘குடிசை’ போய் ‘வாழ்விடம்’ வந்தது. பேரு மாறிச்சு, தூரம் மாறல.

இப்போது கட்டுமானத் துறைக் கருத்தரங்குகளில் இன்னொரு புலம்பல்: ‘திறன்மிகு தொழிலாளர் பற்றாக்குறை’. எங்க சித்தி இருபது வருசம் சித்தாள் வேலை பார்த்தவர். ஆள் எடுக்கிற முக்கு வீட்டிலிருந்து பத்து நிமிச நடை. தூரத்துக் குடியிருப்பு ஒன்றுக்கு அவரை மாற்றிய பிறகு, விடியுமுன்னே பஸ் ஏறி வந்து இறங்கினால் மேஸ்திரி ஆளை எடுத்துக்கொண்டு போயிருப்பார். 2021இலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்லதுதான். நேரத்தை யார் தருவது? இப்போது அவர் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவுகிறார். பற்றாக்குறைக் கணக்கில் அவரையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

‘திறன்’ என்ற சொல்லும் லேசுப்பட்டதல்ல. எத்தனை வருசம் கலவைச் சட்டி சுமந்தாலும் பெண் சித்தாளாகவே கிடக்கிறாள். பூச்சுக் கரண்டி அவள் கைக்கு வருவது அபூர்வம். கூடவே நின்ற பையன் நாலைந்து வருசத்தில் கொத்தனாராகிவிடுகிறான். பயிற்சி மையம் திறப்பவர்கள் இதைப் பேசுவதில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. தெருவில் இறங்கிப் போராடியதால் தமிழ்நாட்டில் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வந்தது. 1996இல் ஒன்றியச் சட்டம் வந்தது. அதன் 34ஆம் பிரிவு, வேலை நடக்கும் இடத்திலோ பக்கத்திலோ தொழிலாளிக்கு வாடகையில்லாத தற்காலிக இருப்பிடம் தரவேண்டும் என்றது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் படுத்திருப்பவர்களை நினைத்தால் அதுவே பெரிசு. ஆனால் அதே பிரிவு மேலும் சொன்னது: கட்டடம் முடிந்ததும் வேலை கொடுத்தவர் அந்த இருப்பிடத்தை அகற்றவோ இடிக்கவோ வேண்டும். நான் தேடிய வினைமுதல் கடைசியில் இங்கேதான் அகப்பட்டது. இடிக்கிற வாக்கியத்தில்.

சட்டமன்றத்தில் வீட்டுவசதி மானியக் கோரிக்கை வரும்போது தோழர்கள் ஒரு கணக்குக் கேட்கவேண்டும். இந்த நகரத்தைக் கட்டியவர்களுக்கு, ஆள் எடுக்கிற முக்கிலிருந்து நடக்கிற தூரத்தில், எத்தனை வீடு ஒதுக்கியிருக்கிறீர்கள்? தெருப்பெயரோடு பதில் வேண்டும்.