மலையைத் தாண்டுமா பாடம்?

திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் நின்றால் சிறுமலை கண்ணில் படும். அங்கும் கொடைக்கானல் மலைகளிலும் பளியர் குடியிருப்புகள் உள்ளன. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, தமிழக அரசு 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பல வீடுகளில் வகுப்பறையாயிற்று. நல்ல முயற்சிதான். ஆயினும் மலைக் குழந்தைக்கு இத்தகைய கருவிகள் எந்த அளவு பயன்படும் என்று ஆராய்வோம்.

முதலில் சொல்லப்படும் தடை, அலை எட்டவில்லை என்பது. 900 மெகாஹெர்ட்ஸ் செல்பேசி அலையின் நீளம் ஏறத்தாழ 33 செ.மீ. இவ்வளவு குறுகிய அலை பெரிய மலையைச் சுற்றி அதிகம் வளையாது. மலைக்குப் பின்னே 'நிழல்' விழும். ஆனால் இதற்கு அறிவியல் முன்பே வழி கண்டது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நம் நாடு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பியது. மேலிருந்து வரும் அலையை மலை மறைப்பது குறைவு. மின்சாரம் இல்லாவிடில் சூரிய மின்கலம் உண்டு.

எஞ்சும் தடை எது? பாடம் ஒருவழியாகவே வருவதுதான். பளியரின் வீட்டுப் பேச்சு தமிழுக்கு நெருங்கியது; எனினும் அது பாடநூல் தமிழ் அன்று. ஒரு சொல் புரியாமல் குழந்தை விழித்தால் திரை நிற்காது. தேனும் கிழங்கும் எடுக்கும் குடும்பத்துக் குழந்தை அறிந்ததைத் திரை கேட்டுக்கொள்ளவும் செய்யாது.

ஆகவே, எத்தனை கருவிகள் வழங்கினோம் என்ற கணக்கு போதாது. அருகில் அமர்ந்து, குழந்தையின் பேச்சிலேயே விளக்க ஆசிரியர் உண்டா? உங்கள் ஊர்ப் பக்கம் மலைப்பள்ளி இருந்தால், கருவிகளை எண்ணுமுன் இதைக் கேளுங்கள்.