சிவப்புச் சில்லும் சட்டைப்பைத் தந்தியும்

எந்திரன் (2010), 2.0 (2018) ஆகிய இரு பிரதிகளையும் சேர்த்து வாசிக்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. யோசிக்கத் தொடங்கிவிட்ட இயந்திரத்தை என்ன செய்வதென்று இந்தக் கதையாடலுக்குத் தெரியவில்லை. முதல் படத்தில் நீதிமன்ற உத்தரவுப்படி சிட்டி தன்னைத்தானே கழற்றிப் போட்டுக்கொள்கிறது. 2030இல் அருங்காட்சியகப் பொருளாக நிற்கிறது. இரண்டாவதில் அதைத் திரும்பக் கூட்டி வருகிறார்கள். பட்சிராஜனை வெல்ல முடியாமல் போகவே, எந்தச் சிவப்புச் சில்லு அதைக் கொலைகாரனாக்கியதோ அதையே மறுபடி செருகுகிறார்கள். நல்ல புத்தி ஜெயிக்காது, கெட்ட புத்திதான் வேணும் என்பதாக முடிகிறது கதை.

இந்த மரபு இப்படித் தொடங்கவில்லை. எந்திரன் வசனத்தில் பங்குள்ள சுஜாதா, படம் வருமுன்பே 2008இல் இறந்துபோனார். எண்பதுகளில் அவர் தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் நாட்டை ஆளும் சர்வாதிகாரி ஜீவா வெறும் ஹோலோகிராம் பிம்பம். அதைக் கண்டுகொள்ள நிலா என்கிற சாதாரணப் பெண்ணுக்குத் துணை நிற்பது ஜீனோ என்ற இயந்திர நாய். படிக்கிறது, யோசிக்கிறது, யோசிப்பதனாலேயே அவள் பக்கம் வருகிறது. சுஜாதாவின் அரசியலோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. இந்த இடத்தில் சண்டை இல்லை. 2.0இலும் ஒரு நிலா இருக்கிறாள், இயந்திரப் பெண்ணாக. சிவப்புச் சில்லைச் செருகுவது அவள்தான்!

இன்னும் பின்னால் போனால் பெரியார். நாற்பதுகளின் ‘இனிவரும் உலக’த்தில், ஆளுக்கொரு கம்பியில்லாத் தந்திக் கருவி சட்டைப்பையில் இருக்கும் என்றார், மனிதனின் உழைப்பு நேரம் சுருங்கிப்போகும் என்றார். அதே சட்டைப்பைக் கருவி 2.0இல் கூட்டங்கூட்டமாகப் பறந்து வந்து கொல்கிறது. முதலாளியும் மந்திரியும் சாகிறார்கள். கோபுரங்களை யார் நடத்துவது, யாருக்காக நடத்துவது என்ற பேச்சு மட்டும் எழவே இல்லை.

தோழர்கள் கேட்கலாம்: நம்பிக்கை என்பதே ஆளும் வர்க்கச் சரக்கு இல்லையா, ‘வளர்ச்சி’ என்று விற்கப்படுவது அதுதானே? நியாயமான கேள்வி. நான் காஞ்சிபுரத்துக்காரன். அண்ணா 1909இல் நெசவுக் குடும்பத்தில் பிறந்த ஊர். இங்கே கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். கரை நாடாவைத் தள்ள எத்தனையோ வீடுகளில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை உட்கார்ந்தது. துளையிட்ட அட்டைகளால் ஓடும் ஜக்கார்டு 1804 வாக்கில் பிரான்சில் பிறந்தது. அந்த அட்டைதான் பிற்பாடு கணிப்பொறிக்கும் போனது. அப்படிப் பார்த்தால் சிட்டிக்குத் தறிதான் தாத்தா. எங்கள் தறிக்காரர்களில் ஜக்கார்டை எவரும் பேய் என்று சொல்லிக் கேட்டதில்லை. பேச்செல்லாம் கூலியைப் பற்றி, பாவும் சரிகையும் யார் கையில் என்பதைப் பற்றி.

ஆக, நம்பிக்கை என்று நான் சொல்வது சுபமான முடிவை அல்ல. இயந்திரம் மாறலாம், அது நம் பக்கமும் வரலாம் என்ற சாத்தியத்தைக் கதை மூடாமல் வைத்திருப்பது. இயந்திரமே எதிரி என்று நம்மை நம்பவைத்துவிட்டால் அதன் சொந்தக்காரனுக்கு அதைவிட வசதி வேறில்லை. மூன்றாவது படம் வருமானால் வரட்டும். சிவப்புச் சில்லை வெளியே வைத்துவிட்டு வரட்டும். ஜீனோவுக்குப் படிக்கத் தெரிந்ததை சிட்டியும் படிக்கட்டும்.