இரைமரம்: யப்பானியப் பொய்யிரை பற்றிய ஓர் அழகியல் நோக்கு

கைவினைப் பொருள்களின் அழகைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மட்பாண்டம், நெசவு, மரச்செதுக்கு, உலோக வார்ப்பு ஆகியவற்றையே எடுத்துக்காட்டுவர். கடற்றொழிலாளரின் கருவிகள் அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. அவை தொழிலுக்குரியவை, கலைக்குரியவை அல்ல என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு யப்பானியரின் 'எகி' தக்கதொரு சான்றாகும். யப்பானிய மொழியில் 'எ' என்பது இரை. 'கி' என்பது மரம். எனவே இதனை 'இரைமரம்' எனத் தமிழாக்கலாம். கணவாய் பிடிப்பதற்கென மரத்தாற் செய்யப்பட்ட பொய்யிரை இது. இதன் வடிவம் யாருடைய கண்ணுக்காக அமைந்தது, அக்கண் மாறியபோது வடிவம் என்னவாயிற்று என்னும் இரு வினாக்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எகியின் பிறப்பிடம் தென்யப்பான். முன்னாளிற் சற்சுமா எனப்பட்ட இன்றைய ககோஷிமாப் பகுதியும் அதன் தெற்கேயுள்ள அமாமித் தீவுகளும் இதனோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. இரவில் மீன்பிடிக்கச் சென்றோரின் தீப்பந்தத்திலிருந்து எரிந்த மரத்துண்டொன்று கடலில் வீழ்ந்ததென்றும், அதனைக் கணவாய் பற்றிக்கொண்டதைக் கண்டோர் மரத்தைச் செதுக்கி இரையாக்கினர் என்றும் செவிவழிச் செய்தியொன்று வழங்குகின்றது. இக்கதையை வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆயினும் எடோக் காலத்து (1603-1868) மரபைச் சார்ந்த பழைய எகிகளின் உடலிலே நெருப்பாற் சுட்டெடுத்த கரிய வரிகள் காணப்படுகின்றமை மனங்கொள்ளத்தக்கது. அவற்றிற்குத் துணிப்போர்வை இல்லை, வண்ணப்பூச்சும் இல்லை. மரத்தின் வெளிர்நிறமும் கரியின் கருமையுமே அவற்றின் அணிகள்.

அமைப்பை நோக்குமிடத்து இஃது எளிமையானதொன்றாகவே தோன்றும். இறாலையோ சிறு மீனையோ நினைவூட்டும் நீண்ட உடல், பெரிய கண்கள், கழுத்தின் கீழே ஒரு பாரம், வாலிலே மேல்நோக்கி வளைந்த கூரிய ஊசிகளின் வட்டம். இவ்வூசிகளுக்கு எதிர்முள் கிடையாது. கணவாய் தன் இரு நீண்ட பற்றுகைகளை நீட்டி இரையைத் தழுவுவது. அதன் தசையோ மென்மையானது. எனவே வாயில் மாட்டும் ஒற்றைத் தூண்டிலுக்குப் பதிலாக, தழுவும் கையைத் தைக்கும் பல ஊசிகள் வேண்டப்பட்டன. எகியின் அளவு இன்றும் 'சுன்' என்னும் பழைய நீட்டலளவையை ஒட்டியே இலக்கமிடப்படுகின்றது. ஒரு சுன் ஏறத்தாழ 3 சென்றிமீற்றர், 3.5 இலக்க எகி ஏறத்தாழ 10.5 சென்றிமீற்றர் நீளமுடையது.

இவ்வமைப்பின் உயிர்நாடி பாரத்தின் இடத்திலேயே தங்கியுள்ளது. கயிற்றைச் சுண்டும்போது எகி மேலே துள்ளும். தளர்த்தும்போது தலை கீழாகச் சரிந்து மெல்ல இறங்கும். கணவாய் பெரும்பாலும் பாய்வது இவ்விறக்கத்தின்போதே. 3.5 இலக்க எகியொன்று ஒரு மீற்றர் ஆழம் இறங்க 3 முதல் 3.5 செக்கன் வரை எடுப்பது பொதுவான அளவாகும். மரத்தின் அடர்த்தி, உடலின் சரிவு, பாரத்தின் நிறை ஆகிய மூன்றும் ஒத்திசைந்தாலன்றி இவ்வேகம் கைகூடாது. ஆகவே எகியைச் செதுக்குபவன் ஓர் உருவத்தை மாத்திரம் செதுக்கவில்லை. ஓர் அசைவையும் சேர்த்தே செதுக்குகிறான்.

கலை இயற்கையின் போலியா என்னும் பழைய வினா இவ்விடத்திற் புதியதொரு வடிவம் பெறுகின்றது. எகி இறாலின் அச்சொத்த படியன்று. இறாலின் கால்களும் உணர்கொம்புகளும் அதில் முழுமையாக இல்லை. கண்ணோ இயற்கை அளவினும் பெரிது. கணவாயை ஈர்ப்பவை மிகைப்படுத்தப்பட்டு, ஈர்க்காதவை விலக்கப்பட்டுள்ளன. இத்தெரிவைச் செய்தது தனியொரு கலைஞனின் கற்பனையன்று. வெறும் வள்ளத்தோடு கரை திரும்பிய இரவுகளும் நிறைந்த வள்ளத்தோடு திரும்பிய இரவுகளும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாகச் செய்த தெரிவு அது. எகி தவறினால் அன்றைய உணவு தவறும். அத்தகைய சோதனைக்குட்பட்டு வந்த வடிவத்திற் காணப்படும் சிக்கனத்தை வெறும் எளிமை என்று கூறி ஒதுக்கிவிட முடியாது.

யப்பானிய அழகியலறிஞர் யனாகி சோயெற்சு 1920களில் நாட்டார் கைவினை இயக்கத்தைத் தொடக்கி, 1936இல் தோக்கியோவில் அதற்கென அருங்காட்சியகமொன்றையும் நிறுவினார். பெயரறியாத் தொழிலாளர் அன்றாடப் பயன்பாட்டுக்காகச் செய்த பொருள்களிலேயே உண்மையான அழகு உறைகின்றது என்பது அவர் கொள்கை. தொழிலையும் அழகையும் பிரித்துவைத்த சுவரைத் தகர்த்தமை அவரது பெரும் பணியாகும். ஆயினும் கிண்ணமும் துணியும் மனிதன் கண்டு மகிழ்ந்து பயன்படுத்துபவை. அங்கே பயன்படுத்துபவனும் சுவைப்பவனும் ஒருவனே. எகியில் நிலைமை வேறு. அதனைக் கையாள்பவன் மனிதன். ஆனால் அதனைப் பார்த்துத் தீர்ப்பளிப்பது கணவாய். மனிதக் கண்ணுக்கு அது அழகாகத் தோன்றுவது, பிறிதோர் உயிரின் கண்ணை நோக்கி ஆற்றப்பட்ட உழைப்பின் உடன்விளைவேயாகும். பயனே அழகு என்னும் கொள்கை, எவருக்குப் பயன், எவர் கண்ணுக்கு அழகு என்ற வினாக்களால் விரிவுபடுத்தப்பட வேண்டியுள்ளது.

இவ்வினாவின் கூர்மை இன்றைய எகியை நோக்கும்போது புலப்படும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிளாஸ்ரிக் பெற்றது. உடலைத் துணி போர்த்தது. கரையிலிருந்து கோலால் எறிந்து கணவாய் பிடிக்கும் 'எகிங்' பொழுதுபோக்காகப் பரவியது. முன்னர் செய்பவனும் பயன்படுத்துபவனும் ஒருவனாகவோ அயலவராகவோ இருந்தனர். இப்போது இடையிலே சந்தை நிற்கின்றது. கடைகளில் இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், பச்சை, ஊதா என ஒரே அளவிலான எகிகள் எண்ணற்ற வண்ணங்களில் தொங்குகின்றன.

கணவாயினங்களுட் பெரும்பாலானவற்றின் கண்ணில் ஒளியுணரும் நிறப்பொருள் ஒன்றே உள்ளது. எனவே அவை நிறங்களை நம்மைப்போற் பிரித்தறிவதில்லை என்பதே உயிரியலாளர் பலரின் முடிபாகும். ஒளியின் செறிவு வேறுபாட்டையும் முனைவாக்கத்தையும் அவை நன்கு உணர்கின்றன. அவ்வாறாயின் பழைய எகியின் கரிய வரி கணவாயின் கண்ணோடு பேசிற்று; இன்றைய வண்ண வரிசையிற் பெரும்பகுதி வாங்குபவனின் கண்ணோடு பேசுகின்றது. பயன்பெறுமானத்தின் மேல் பரிமாற்றப் பெறுமானம் போர்வையாகப் படிவதை இதனினும் தெளிவாகக் காட்டும் பொருள் அரிது.

இதனாற் பழையது அனைத்தும் உயர்ந்தது, புதியது அனைத்தும் இழிந்தது என்று முடிவுகட்டுதல் தவறாகும். மரத்துக்கு மரம் அடர்த்தி வேறுபட்டமையால் கைச்செதுக்கு எகிகள் ஒன்றுபோல் இறங்குவதில்லை. அச்சுவார்ப்பு அக்குறையை நீக்கியது. இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் நீரிலே எகி நிற்குமிடத்தைப் பிடிப்பவனுக்குக் காட்டுகின்றன, அதுவும் பயனே. கணவாயின் கண் மிகுதியாக உணரும் நீலப்பச்சை ஒளியைக் கருத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்ட எகிகளும் அண்மைக்காலத்தில் வந்துள்ளன. தொழிற்சாலை கணவாயை முற்றாக மறந்துவிடவில்லை. ஆனால் அதன் முதல் நீதிபதி வாங்குபவன். கணவாய் இரண்டாவது நீதிபதி.

மரபைப் பேணும் முயற்சிகளும் இச்சிக்கலிலிருந்து விடுபட்டவை அல்ல. கனசவா நகரின் காகா இறகுத்தூண்டில், அயு என்னும் ஆற்றுமீனைப் பிடிப்பதற்காகச் சாமுராய் வகுப்பினரிடையே வளர்ந்த கலை. இறகும் பொன்னிழையும் அரக்குமெருகும் கொண்ட அத்திறன் இன்று மார்பணியும் காதணியும் செய்யவும் பயன்படுகின்றது. ஹியோகோ மாநிலத்துப் பான்சூ இறகுத்தூண்டில், 1974ஆம் ஆண்டின் மரபுக்கைவினைச் சட்டத்தின்கீழ் 1987இல் அங்கீகாரம் பெற்றது. கைவேலை, மரபு நுட்பம், மரபு மூலப்பொருள் ஆகியவற்றை அச்சட்டம் வேண்டுகின்றது. இவை வேண்டற்பாலனவே. எனினும் மீனின் தீர்ப்பைப் பற்றி அச்சட்டம் பேசுவதில்லை. திறன் பிழைக்கின்றது, அத்திறனைப் பிறப்பித்த உரையாடல் மங்குகின்றது.

எகியிற் பயன்படும் கணவாயினங்களுள் முதன்மையானது இந்து-பசுபிக் கடல்களிற் பரந்து வாழ்வது. பாக்குநீரிணையும் அதன் வாழ்விடமே. ஆகவே இப்பொருளை நோக்குவது நமக்கு அயல்நாட்டு விநோதத்தை நோக்குவதாகாது. கடற்றொழிலாளரின் அறிவை அழகியலின் எல்லைக்குள் கொண்டுவரும் விமர்சனம், கருவியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் புகழ்வதோடு நின்றுவிடலாகாது. அது எவ்வளவு விரைவில் இறங்கும், எந்த நீரில் எந்த வரி எடுபடும், பாரத்தை எங்கே சுரண்டிக் குறைக்க வேண்டும் என்பனவற்றை அறிந்தவரிடமிருந்து கேட்டுப் பதியவும் வேண்டும். எகியின் அழகு அவ்வறிவிலிருந்து பிறந்தது. அவ்வறிவு மறைந்தபின் எஞ்சும் மரத்துண்டை அழகியது என்று புகழ்வதால், அதனைச் செதுக்கியவனுக்குரிய கடன் தீர்ந்துவிடாது.