புன்புலமும் புறநானூறும்

காலநிலை மாற்றம் குறித்த கருத்தரங்குகளிற் படிக்கப்பெறும் தமிழ்க் கட்டுரைகளுள் புறநானூற்றின் 18ஆம் பாட்டை எடுத்துக்காட்டாதது அரிது. பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய அப்பாட்டு, நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்குமாறு வேந்தனுக்கு அறிவுறுத்துவதாகும். பழந்தமிழர் இயற்கையைப் பேணிய திறத்திற்கு அதனைத் தலையாய சான்றாக்குவர். நாமும் வகுப்பறைகளில் அவ்வாறே உரைத்து வந்துள்ளோம். அவ்வுரை பாட்டு முழுமைக்கும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

உடம்பு உணவால் அமைவது. உணவாவது நிலமும் நீரும் கூடியது. ஆகவே அவ்விரண்டையும் ஒன்று கூட்டியவர் உயிரையும் உடம்பையும் படைத்தவராவர் எனப் புலவர் படிப்படியாக வாதிடுகின்றார். இவ்வாதத்தின் அழகிலே தோய்ந்த நாம், அதனை அடுத்து வரும் கூற்றைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றோம். விதைத்துவிட்டு வானத்தை எதிர்நோக்கும் புன்புலம் எத்துணைப் பரந்ததாயினும் அஃது அரசனது முயற்சிக்குப் பயன்படாது என்பதே அக்கூற்று. மறுமைச் செல்வம், ஒருதனி ஆட்சி, நிலைத்த புகழ் என்னும் மூன்றையும் விரும்பும் வேந்தனுக்கு வழி கூறுவது இப்பாட்டு. எனவே நிலத்தை அளக்கும் கோல் ஈண்டு வேந்தனது கையில் உள்ளது. அந்நிலத்தில் வாழ்வாரது கையில் இல்லை.

இக்கோலைக் கொண்டு விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி வட்டத்தில் உள்ள பரளச்சியை அளந்து பார்ப்போம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் சுற்றிலும் விரிந்து கிடக்கும் கரிசற்காட்டின் பகுதி அது. ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையிற் பெய்வது. மழைக்கு முன்னரே உழுது போட்டு, முகில் நோக்கி விதைக்கும் மானாவாரி வேளாண்மையே அந்நாட்டின் இயல்பு. சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, மல்லி, பருத்தி ஆகியன அம்மண்ணுக்கு உரியவை. குடபுலவியனார் பயனற்றதென ஒதுக்கிய புன்புலம் இதுவே. ‘வானம் பார்த்த பூமி’ என இன்றும் மக்கள் வழங்கும் தொடர் அப்புலவரது நோக்கை எத்துணை நெருங்கி நிற்கின்றது! எனினும் அத்தொடரில் இரக்கம் உண்டு, இகழ்ச்சி இல்லை.

நீரைத் தேக்குக என்னும் அறிவுரை பிழையென்று நாம் கூறவில்லை. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவினும் அறுபது விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது. 2023 டிசம்பரிலோ தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வெப்பம் ஒரு செல்சியசு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ ஏழு விழுக்காடு மிகுதியான நீராவியை ஏந்தும் என்பது அறிவியலார் முடிபு. வறட்சியும் வெள்ளமும் இங்ஙனம் மாறி மாறி வருங்கால், வரத்துக்கால் தூர்ந்து சீமைக்கருவேல் மண்டிய கண்மாயால் இரண்டையும் தாங்குதல் இயலாது. 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியதும் இதுபற்றியே. ஆனால் கண்மாய் நிரம்பினும் அதன் கீழுள்ள ஆயக்கட்டுக்கே அது பாயும்; எஞ்சிய பரந்த காடு பழையபடி வானத்தையே நோக்கி நிற்கும். அதற்கு 18ஆம் பாட்டில் விடையில்லை.

விடைக்கு அணுக்கமான ஒன்று அதே தொகையின் 335ஆம் பாட்டில் உள்ளது. மாங்குடி கிழார் பாடிய அப்பாட்டு, வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கையன்றி வேறு உணவில்லை என்று துணிந்து கூறுகின்றது. நான்கும் புன்புலத்து விளைவன! அந்நான்கனுள் நெல் இல்லை. இதனை வறுமையின் புலம்பலாகக் கொள்ளற்க. மலர், குடி, தெய்வம் என்பவற்றையும் இதே வாய்பாட்டில் வைத்துச் சிறூர் ஒன்று தன் நிறைவைத் தானே எடுத்துரைக்கும் பெருமித நடை அது. ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவில் நீர் வேண்டும். சிறுதானியங்கட்கு அதிற் பாதியும் வேண்டா. அன்றாட உணவால் நீர்ச்செலவைக் குறைத்தல் இக்கால அறிவுரை எனக் கருதுவார் இப்பாட்டை ஊன்றிக் கற்றல் நன்று.

இரண்டு பாட்டும் ஒரே நூலில் இருக்க, ஒன்று மேடைதோறும் முழங்கவும் மற்றொன்று இத்துறையில் நினைக்கப்படாமற் போகவும் காரணம் என்னை? புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாட்டுடன் நின்றுவிட்டது. 335ஆம் பாட்டின் தொடக்கமும் சிதைந்துள்ளது. பின்னர் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை நூல் முழுமைக்கும் உரை கண்டார். ஆதலின் உரையின்மை இன்று தக்க காரணமாகாது. அரசரை நோக்கிய பாட்டை அரசுக்கு எடுத்துரைப்பது எளிது. உண்பாரை நோக்கிய பாட்டு நம் இலையையே கேள்விக்கு உள்ளாக்குவது. உண்மைக் காரணம் இதுவே எனக் கருதுகின்றோம்.

ஆயினும் 335ஆம் பாட்டையும் அளவிறந்து போற்றுதல் தகாது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது எழுந்த புகழுரைகள் பலவற்றில் ஒரு குறை கண்டோம். குதிரைவாலியின் உமியை நீக்குதல் கடும் உழைப்பு. உரலும் உலக்கையுமாக அதனைச் செய்தவர் பெண்டிர். நெல்லரிசி எளிதிற் கிடைத்த நாளில் அவர்கள் குதிரைவாலியைக் கைவிட்டனர் எனின், அது மரபை மறந்த பிழையென்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? மாங்குடி கிழார் நான்கு உணவையும் எண்ணினார். குற்றிய கைகளை எண்ணவில்லை. பரளச்சிப் பக்கத்துச் சிற்றூர்களில் இன்று வேண்டப்படுவது, விளைந்த தவசத்தை ஊரிலேயே உமி நீக்கித் தரும் பொறி.