காது வெட்டு

திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைகளை ஒட்டி எலும்புக்குக் காத்திருக்கும் நாய்களின் காதைக் கவனியுங்கள். சிலவற்றுக்கு நுனியில் ஒரு சிறு வெட்டு இருக்கும். சண்டையில் கிழிந்த காது கந்தலாகத் தொங்கும். இந்த வெட்டோ சீராக இருக்கும். கருத்தடை முடிந்தது, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று என்பதற்கான அடையாளம். அறுவை மயக்கத்திலேயே வெட்டிவிடுவதால் நாய்க்கு அப்போது வலி தெரியாது.

இந்த வெட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை. கழுத்துப் பட்டை அறுந்துபோகும், சாயம் கரைந்துபோகும். இது ஆயுளுக்கும் நிற்கும். எட்ட நின்றே பார்த்துவிடலாம். ஒரே நாயை மறுபடி பிடித்துக்கொண்டுபோய் அலைக்கழிக்க வேண்டியதில்லை.

கொல்லாமலே, கருத்தடை செய்து தெருநாய்ப் பெருக்கத்தைக் குறைக்கலாம் என்று சென்னையின் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-லேயே இறங்கியது. மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. 2001-இல் நாடு முழுமைக்கும் விதி வந்தது. பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி.

அந்த உயிர்நாடியைக் காப்பவர்கள், கருத்தடைக்குப் பிடித்துவந்த நாய்களைப் பராமரிக்கும் காப்பகத் தன்னார்வலர்கள். கூண்டு கழுவுகிறார்கள், தையல் ஆறும்வரை சோறு வைக்கிறார்கள். எந்த நாய் எந்தத் தெரு என்று எழுதியும் வைக்கிறார்கள். எனக்கு இந்த எழுத்து வேலைதான் பெரிதாகப் படுகிறது. தெரு மாறி இறக்கிவிட்டால் அங்குள்ள நாய்கள் குதறிவிடும். சொந்தத் தெருவிலோ சோறு போடும் டீக்கடைக்காரர் இருப்பார்.