நாற்சந்தியில் ஷைத்தான் இருக்கவில்லை

றொபேட் ஜோன்சன் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களில் அநேகர், அவருடைய பாடலொன்றைக் கேட்பதற்கு முன்னரே அவரைப் பற்றிய கதையொன்றைக் கேட்டுவிடுகிறார்கள். மிசிசிப்பியில் ஒரு நாற்சந்தி. நள்ளிரவு. கிற்றாரைச் சரியாக வாசிக்கத் தெரியாத கறுப்பு இளைஞன் ஒருவன் காத்து நிற்கிறான். உயரமான கறுத்த உருவமொன்று வந்து கிற்றாரை வாங்கி, தந்திகளைச் சுருதி கூட்டித் திருப்பிக் கொடுக்கிறது. விலை, அவனுடைய ஆன்மா.

நானும் அப்படித்தான். எரிக் கிளப்டன் ‘கிறீம்’ குழுவோடு 1968இல் வெளியிட்ட வடிவத்தை நண்பரொருவர் கேஸற்றில் பதிந்து தந்தபோது கூடவே இந்தக் கதையையும் சொல்லித் தந்தார். கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாட்டின் சொற்களை நான் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய தேவையைக் கதை இல்லாமற் செய்திருந்தது.

ஜோன்சன் 1936 நவம்பரில், ரெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோவில் பதிவுசெய்த ‘குறொஸ் றோட் புளூஸ்’ என்ற மூலத்தைக் கேட்டால் நிலைமை வேறு. அதிலே ஒருவன் சந்தியில் முழந்தாளிட்டு இறைவனிடம் இரக்கம் கேட்கிறான். போகிற வாகனங்களை மறித்துப் பார்க்கிறான். எவரும் நிறுத்தவில்லை, எவருக்கும் அவனைத் தெரியவில்லை. சூரியன் சாய்ந்துகொண்டிருக்கிறது. இருட்டு வந்துவிடுமே என்பதுதான் அவனுடைய பயம். ஷைத்தான் அந்தப் பாட்டில் எங்குமில்லை. (1937இல் பதிவுசெய்த வேறொரு பாட்டில் ஷைத்தான் கதவைத் தட்டுகிறான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது வேறு பாட்டு, வேறு சங்கதி.)

1930களின் மிசிசிப்பியில் அறிமுகமற்ற ஊரின் தெருவில், பொழுது பட்ட பின்னர் தனித்து நிற்கும் கறுப்பு இளைஞனுக்கு என்ன நேரலாம்? வேலையற்றுத் திரிபவன் என்ற குற்றச்சாட்டில் கைதாகிக் கட்டாய வேலைக்கு அனுப்பப்படலாம். அதைவிடக் கொடியதும் நடக்கலாம், நடந்துமிருக்கிறது. பாட்டின் பயம் அந்த மண்ணுக்குரியது. அதற்குச் சட்டமும் துப்பாக்கியும் தோல் நிறமும் உண்டு. கதையோ அந்தப் பயத்தை மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்து ஆவியுலகத்தில் நட்டுவிடுகிறது. அங்கு பயங்கரம் உண்டு, ஆனால் குற்றவாளி எவரும் இல்லை.

ஜோன்சன் எப்படித் தேர்ச்சி பெற்றார் என்பது இப்போது ஓரளவு தெளிவாகியுள்ளது. மூத்த கலைஞரான சன் ஹவுஸ், தங்களுடைய இடைவேளைகளில் கிற்றாரை எடுத்துச் சத்தம்போட்டு ஆட்களுக்கு எரிச்சலூட்டிய பையனாகவே அவரை நினைவுகூர்ந்தார். பையன் ஊரை விட்டுப் போனான். திரும்பி வந்தபோது ஆசான்களை விஞ்சியிருந்தான். இடைப்பட்ட காலத்தில் அவர் தெற்கு மிசிசிப்பியில் ஐக் சிமர்மன் என்ற கலைஞரிடம் பாடம் கேட்டார். குருவும் சீடனும் இரவில் மையவாடியொன்றில் இருந்து வாசித்துப் பழகியதுண்டு. பேய்க்காக அல்ல, அங்கே தொந்தரவு இல்லை என்பதற்காக. புறூஸ் கொன்ஃபோர்த்தும் கேல் டீன் வோட்லோவும் 2019இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு இதையெல்லாம் விரிவாகத் தருகிறது. லெறோய் கார், கொகோமோ ஆர்னோல்ட் போன்றோரின் இசைத்தட்டுக்களை ஜோன்சன் எவ்வளவு நுணுக்கமாகப் படித்து உள்வாங்கினார் என்பதை எலைஜா வோல்ட் 2004இல் எழுதிய நூலில் காட்டியிருந்தார். சந்திக் கதை கூட முதலில் சொல்லப்பட்டது ரொமி ஜோன்சன் என்ற இன்னொரு பாடகரைக் குறித்து. சொன்னவர் அவருடைய சகோதரர்.

இத்தாலிய வயலின் மேதை பகானினியைப் பற்றியும் இப்படியொரு வதந்தி இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் பகானினியின் விரல்களுக்கு இன்று எவரும் ஷைத்தானை விளக்கமாகச் சொல்வதில்லை. ஜோன்சன் விடயத்தில் அந்த விளக்கம் சுற்றுலாப் பலகையாக இன்றும் மிசிசிப்பியில் நிற்கிறது. உழைத்துப் பெற்ற வித்தை, யாரோ கொடுத்த வரமாகிவிடுகிறது.

டெல்டா என்றால் ஆற்றின் கழிமுகம் என எண்ணிவிடக் கூடாது. மிசிசிப்பி, யாசூ ஆகிய இரு ஆறுகளுக்கிடையே, மாநிலத்தின் வடமேற்கில் கிடக்கும் வண்டல் சமவெளிக்குத்தான் அந்தப் பெயர். அதன் பெரும்பகுதி உள்நாட்டு யுத்தத்துக்குப் பின்னரே காடு வெட்டிப் பருத்தி நிலமாக்கப்பட்டது. அடிமைமுறை சட்டத்தில் ஒழிந்திருந்தது. வாரக் குடிமுறை அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. விதையும் மாவும் சப்பாத்தும் முதலாளியின் கடையில் கடனுக்கு. அறுவடையில் கணக்குப் பார்த்தால் கடன் மிச்சம். 1895இல் தொடங்கப்பட்ட டொக்கரி தோட்டம் இவ்வாறான ஒன்று. சார்ளி பற்றன் அங்கிருந்துதான் வருகிறார்.

பற்றன் சோகமே உருவான தனியன் அல்ல. சனிக்கிழமை இரவுகளில் ஆட்களை ஆடவைத்துப் பிழைத்த தொழிற்கலைஞர். கிற்றாரைத் தலைக்குப் பின்னாலும் முழங்காலுக்கிடையிலும் வைத்து வாசித்தார். அதன் உடலை மேளமாகத் தட்டினார். புளூஸும் பாடினார், தேவாலயப் பாட்டும் பாடினார்; பின்னதற்காக இசைத்தட்டில் வேறொரு பெயரும் சூட்டிக்கொண்டார். 1929 முதல் அவரைப் பதிவுசெய்த ‘பரமவுண்ட்’ நிறுவனம் விஸ்கொன்சினில் கதிரை செய்த ஒரு கொம்பனியின் கிளை. கிராமபோன் பெட்டிகளைச் செய்து விற்றவர்கள், பெட்டி விற்பனையாகத் தட்டு வேண்டுமென்பதால் தட்டுக்களை வெளியிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் மகத்தான குரல்களுள் சில தளபாட வியாபாரத்தின் உபரியாக எங்களுக்குக் கிடைத்தவை.

அவற்றுள் நான் திரும்பத் திரும்பக் கேட்பது, 1929இன் பிற்பகுதியில் பற்றன் பதிவுசெய்த ‘ஹை வோட்டர் எவ்ரிவெயர்’. தட்டின் இரு பக்கங்களையும் நிரப்பும் நீண்ட பாட்டு. பொருள் 1927ஆம் ஆண்டு வெள்ளம். அவ்வருடம் ஏப்ரல் 21இல் மவுண்ட்ஸ் லாண்டிங் என்னுமிடத்தில் ஆற்றணை உடைந்து டெல்டா மூழ்கியது. கிறீன்வில் நகரத்தில் ஆயிரக்கணக்கான கறுப்பு மக்கள் அணையின் முகட்டில் ஒதுங்கினார்கள். அவர்களை ஏற்றிச் செல்லக் கப்பல்கள் வந்தும் தோட்ட முதலாளிமார் விடவில்லை. போனால் திரும்பி வரமாட்டார்கள், பருத்தி எடுக்க ஆளிருக்காது என்பது அவர்களின் கவலை. ஆயுதம் தாங்கிய காவற்படையின் கண்காணிப்பில் அம்மக்கள் முகாம்களில் வைக்கப்பட்டார்கள். அடையாள அட்டை கட்டப்பட்டு, அணை வேலைக்கு நிர்ப்பந்திக்கப்பட்டார்கள்.

பற்றன் இதை எப்படிச் சொல்கிறார்? பிரசங்கம் இல்லை. ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் போகிறார். ஒவ்வொரு பெயரிலும் தண்ணீர் ஏறுகிறது. நடுவில் ஓரிடத்தில், மேட்டு நிலத்துக்குப் போகலாம்தான், ஆனால் தன்னை அங்கே விடாமல் மறித்து வைத்திருக்கிறார்கள் என்கிற பொருளில் ஒரேயொரு வரி வருகிறது. வெள்ளம் இயற்கையினது, மறிப்பு மனிதரது. இந்த வேறுபாட்டை ஒரு வரிக்குள் வைத்துவிட்டு அவர் கடந்து செல்கிறார். கிற்றாரில் விழும் அடி மட்டும் நிற்காமல் தொடர்கிறது. இதைப் படிப்பறியாதவனின் தன்னிச்சையான ஓலம் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது எனத் தீர்மானித்த ஒரு மூளையின் வேலை இது. கேட்போர் மத்தியில் முதலாளியின் ஆட்களும் இருக்கக்கூடிய சமூகத்தில் அந்தத் தீர்மானம் உயிரோடு சம்பந்தப்பட்டது.

பற்றன் 1934இலும் ஜோன்சன் 1938 ஒகஸ்ற் 16ஆம் திகதி இருபத்தேழு வயதிலும் இறந்து போனார்கள். அவர்களுடைய இரண்டாவது வாழ்வு 1960களில் வெள்ளை இளைஞர்களின் கைகளில் தொடங்கிற்று. 1961இல் கொலம்பியா நிறுவனம் ஜோன்சனின் பாடல்களை நெடுந்தட்டாக வெளியிட, அது இங்கிலாந்தின் இளைஞர்களைப் பைத்தியமாக்கியது. 1964 ஜூனில் இரு வேறு தேடற்குழுக்கள் சன் ஹவுஸையும் ஸ்கிப் ஜேம்ஸையும் உயிரோடு கண்டுபிடித்தன. ஒருவர் நியூயோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரரில். மற்றவர் மிசிசிப்பியில் வைத்தியசாலைக் கட்டிலில். அதே மாதம், அதே மிசிசிப்பியில், வாக்குரிமைக்காகப் பணியாற்றச் சென்ற மூன்று இளைஞர்கள் கொலை செய்யப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள்.

சன் ஹவுஸ் நெடுநாளாகக் கிற்றாரைத் தொட்டிருக்கவில்லை. இருபது வயதளவிலான அலன் வில்சன், தட்டுக்களில் கேட்டுப் பழகியதைக் கொண்டு, சன் ஹவுஸின் பாடல்களைச் சன் ஹவுஸுக்கே நினைவூட்டினார். இதைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. அந்த இளைஞர்கள் தேடியிராவிட்டால் நாம் இன்று எதையும் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் அவர்கள் தங்களுக்கு வேண்டியதைத்தான் தேடினார்கள்: தனிமை, இருட்டு, கலப்பற்ற வேதனை. 1941இலும் 1942இலும் பிஸ்க் பல்கலைக்கழகமும் காங்கிரஸ் நூலகமும் டெல்டாவில் நடத்திய ஆய்வு வேறொரு படத்தைத் தந்திருந்தது. ஸ்ரோவல் தோட்டத்தில் உழவுயந்திரம் ஓட்டிய மடி வோட்டர்ஸ் அக்காலத்தில் ஜீன் ஓட்ரியின் கௌபோய் பாட்டுக்களையும் பாடிவந்தார். கேட்பவர் விரும்பியதைக் கொடுக்கத் தெரிந்தவர் அவர். அந்த ஆய்வின் புகழை அலன் லோமக்ஸ் பெற்றுக்கொண்டார். அவரோடு சமமாக உழைத்த கறுப்பின அறிஞர் ஜோன் வேர்க்கின் கையெழுத்துப்படி எங்கோ தவறிக் கிடந்து, 2005இல்தான் நூலாயிற்று.

‘செல்வாக்கு’ என்ற சொல்லை விமர்சகர்கள் மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அது கடனை மறைக்கும் நல்ல போர்வை. ரோலிங் ஸ்ரோன்ஸ் குழு தன் பெயரையே மடி வோட்டர்ஸின் 1950ஆம் ஆண்டுப் பாட்டொன்றிலிருந்து எடுத்தது. 1969இல் ஜோன்சனின் ‘லவ் இன் வெய்ன்’ பாடலை வெளியிட்டபோது தட்டில் ஆக்கியோன் பெயராக இருந்தது ‘வூடி பெய்ன்’ என்ற புனைபெயர். ஜோன்சனின் பாடல்கள் பொதுச் சொத்து அல்ல என்பதை நிலைநிறுத்த 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் லொறி ஓட்டிய அவருடைய மகன் சட்டபூர்வ வாரிசாக ஏற்கப்பட்டது 1998இல்; தந்தை இறந்து அறுபது வருடங்களின் பின். லெட் செப்பலின் குழு மீது வழக்கு வந்தபின்னரே சில பாடல்களில் கறுப்புக் கலைஞரின் பெயர் ஏறிற்று. விதிவிலக்குகளும் உண்டு. அதே குழு 1971இல் ‘வென் த லெவி பிறேக்ஸ்’ பாடலில் மெம்பிஸ் மின்னியின் பெயரை இட்டது. 1927 வெள்ளத்தைப் பற்றிய அந்தப் பாட்டின் 1929ஆம் ஆண்டு மூலப் பதிவில் பங்கெடுத்த அந்தப் பெண்ணைப் பற்றி எவரும் நாற்சந்திக் கதை சொல்வதில்லை என்பதையும் யோசித்துப் பார்க்கலாம்.

றயன் கூக்ளரின் ‘சின்னர்ஸ்’ (2025) திரைப்படம் இவ்விடயத்தில் பல நூல்களைவிடக் கூர்மையானது. 1932ஆம் ஆண்டு கிளார்க்ஸ்டேல். கறுப்பு மக்களின் ஆட்டக்கூடத்தின் வாசலில் உள்ளே விடச்சொல்லி இரந்து நிற்கின்றன இரத்தம் குடிக்கும் பேய்கள். அவற்றுக்கு அந்த இளம் பாடகனின் இசை வேண்டும். பழைய கதையில் இசைஞனின் பக்கத்தில் நின்ற ஷைத்தானைக் கூக்ளர் ரசிகர்களின் பக்கத்துக்கு மாற்றிவிட்டார். படத்தின் பிற்பாதி வெறும் சண்டையாகத் தேய்ந்தாலும் இந்த இடமாற்றம் ஒரு விமர்சனச் செயல்தான்.

இனி எமது பக்கத்துக்கு வருகிறேன். அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்ட ஆபிரிக்கரில் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதை சில்வியான் டியூஃப் 1998இல் எழுதிய நூல் ஐயத்துக்கிடமின்றி நிறுவியுள்ளது. ஆற்றணைத் தொழிலாளியொருவரின் கூவற்பாட்டையும் பாங்கோசையையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு அவர் அவையோரைத் திகைக்க வைப்பதுண்டு. ஒரே அசையை நெளித்து நெளித்து நீட்டும் அந்த முறை, புளூஸில் மேற்கு ஆபிரிக்க சவன்னாப் பிரதேசத்தின் இஸ்லாமியத் தொடர்புடைய மரபிலிருந்து வந்திருக்கலாமென கெர்ஹார்ட் குபிக்கும் 1999இல் வாதிட்டார். மாலி நாட்டின் அலி ஃபர்கா தூரே, ஜோன் லீ ஹூக்கரை முதலில் கேட்டபோது தன் ஊர் இசையென்றே எண்ணியதாகச் சொல்லிவந்தார்.

இவை மதிப்புள்ள வாதங்கள். ஆயினும் “புளூஸ் எங்களுடையது” என்று எம்மிடையே சிலர் மேடைகளில் முழங்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு கூவலில் பாங்கின் அசைவைக் கேட்பது வேறு, பற்றனை எமது முன்னோர் வரிசையில் இருத்துவது வேறு. சன் ஹவுஸ் பாப்டிஸ்ட் சபையில் பிரசங்கித்தவர். அவருடைய மன்றாட்டின் மொழி தேவாலயத்தினது. மத்திய ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களின் தாளமும் அந்த இசையில் கலந்தே இருக்கிறது. தலைமுறைகளாகப் பருத்திக் காட்டில் நின்றவர்கள் அங்கேயே, அந்த நிலைமைகளுக்குள்ளிருந்து ஆக்கிய ஒன்றை, தொலைவிலுள்ள ஒரு மூலத்தின் எதிரொலியாக்கினால் நாமும் ஆக்கியோன் பெயரை அழிக்கிறவர்களாகிறோம். ஒருவர் அவர்களுடைய வித்தையை ஷைத்தானுக்குக் கொடுத்தார். நாம் முஅத்தினுக்குக் கொடுக்கப் பார்க்கிறோம்.

பற்றனைக் கேட்கத் தொடங்குவோர் முதலில் ஏமாற்றமடையக்கூடும். இரைச்சலுக்குள் குரல் அமிழ்ந்து கிடக்கும். ‘பரமவுண்ட்’ நிறுவனத்தின் மூல உலோகத் தகடுகள் பேணப்படவில்லை. இன்று எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் அக்காலத்தில் விற்பனையான தட்டுக்களிலிருந்து எடுத்த பிரதிகள். சேகரிப்பாளர்கள் தெற்கின் கறுப்புக் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கதவைத் தட்டி அத்தகைய தட்டுக்களை வாங்கினார்கள். பற்றனைத் தேடி எவரும் மிசிசிப்பிக்கு வருவதற்கு முப்பது வருடங்களுக்கு முன்னர், பருத்தி எடுத்த காசில் அவற்றை வாங்கியவர்கள் ஊசி தேயத் தேயப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள், ஆடியிருக்கிறார்கள். அந்த இரைச்சலிற் பாதி அவர்களுடையது.